தொண்டைக்குள் இனம் தேடியவர்கள்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு நாக்கு உலர்ந்துவிடும். எனக்கு, கழிப்பறை எந்த மாடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற அறிவு மட்டும் கூர்மையாகிவிடும். மற்ற அறிவெல்லாம் விடுமுறைக்குப் போய்விடும். அறுபதுகளின் கடைசியில் மான்ட்ரியாலில் வந்து இறங்கியபோது இந்த நகரத்தை நான் அந்த வரைபடத்தோடுதான் படித்தேன். எந்த மெட்ரோ நிலையத்துக்கு மேலே எந்தக் கடையில் ஒரு காபி வாங்கினால் உள்ளே விடுவார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். பிரெஞ்சில் நான் முதன்முதலாகப் பிழையில்லாமல் சொன்ன வாக்கியமும் அதைப் பற்றியதுதான்.

இப்படிப்பட்ட ஒருவன், பேராசிரியர்கள் நிறைந்த அறையில், தனக்குச் சோறு போடுகிறவரின் முன்னால் எழுந்து நின்றான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி இன்றும் பாதிதான் நம்புகிறாள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலியியல் கூடத்தில் எனக்கு வேலை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தம். ரீல் மாட்டுவது, டேப் அறுந்தால் ஒட்டுவது, பதிவு எந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது. குரலைத் தாளில் கருக்கிப் படமாக வரைகிற எந்திரம் ஒன்றும் இருந்தது. அது ஓடினால் கூடம் முழுக்கத் தலைமுடி தீய்ந்த நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தைச் சட்டையில் சுமந்துகொண்டு அஹுன்ட்சிக்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைந்தால், "இன்னிக்கு யார் குரல வறுத்தீங்க?" என்பாள் மனைவி.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை டேப் சிக்கிக்கொண்டது. அவிழ்க்க அவிழ்க்க இன்னும் சிக்கியது. வாய் தன்னால் திறந்து அந்த எந்திரத்தின் பாட்டனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. சொன்னது தமிழில் இல்லை.

"இந்த வார்த்தைய எங்க கத்துக்கிட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அதுவும் தமிழில் இல்லை. அம்ஹாரிக்கில்.

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். என் அப்பா கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு நம் பக்கத்திலிருந்து நிறைய ஆசிரியர்கள் போனார்கள். அப்பாவும் போனார், எங்களையும் அழைத்துப் போனார். முதல் சில ஆண்டுகள் வடக்கே ஒரு சிறிய ஊர். அங்கே பேசுவது திக்ரிஞா. தெருவில் துணிப்பந்து உதைத்த பையன்களிடம் நான் அதைப் பொறுக்கிக்கொண்டேன். அந்த மொழியில் தொண்டையின் அடியில், விழுங்குகிற இடத்துக்கும் கீழேயிருந்து வருகிற ஒலிகள் உண்டு. மீன்முள் சிக்கியவன் சபையில் நாகரிகமாக அதை வெளியே எடுக்கப் பார்ப்பது போலிருக்கும். எட்டு வயதில் எனக்கு அது மூச்சு விடுவது போல வந்தது.

பிறகு அப்பாவுக்குத் தலைநகருக்கு மாற்றல். அங்கே அம்ஹாரிக். இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தான். ஆனால் அம்ஹாரிக் அந்தத் தொண்டை ஒலிகளை எந்தக் காலத்திலோ உதிர்த்துவிட்டது. பழைய ஒலிகளுக்கான எழுத்துகள் மட்டும் மிச்சம். நாம் ரகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனி எழுத்து வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி. அடிஸ் அபாபா என்றால் புதிய மலர். அந்த 'அடிஸ்' பழைய காலத்தில் ஒரு தொண்டை ஒலியோடு, ஏறக்குறைய 'ஹடிஸ்' என்று தொடங்கியது. வடக்கே இன்னும் அப்படித்தான் தொடங்குகிறது. தலைநகரின் பெயர் தலையிழந்து நிற்கிறது, யாருக்கும் அதனால் தூக்கம் கெடவில்லை. நான் புதுப் பள்ளியில் 'புதிய' என்ற சொல்லை வடக்கத்தித் தொண்டையோடு சொன்னேன். வகுப்பு சிரித்து உருண்டது. கோயில் பாதிரிமார்தான் அப்படிப் பேசுவார்களாம். நெற்றியில் திருநீறோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவரின் மகனுக்கு அன்று முதல் 'குட்டிப் பாதிரி' என்று பெயர். கொஞ்ச நாளில் தலைநகர்ப் பேச்சின் இழுப்பும் வந்து சேர்ந்துகொண்டது. தொண்டை மட்டும் வடக்கிலேயே தங்கிவிட்டது. கல்லூரிக்கு இந்தியா வந்த பிறகும் கெட்ட கோபம் வந்தால் எனக்கு அந்த மொழிகளில்தான் வரும்.

கூடத்தில் என் பின்னால் நின்றவள் அடிஸ் அபாபாவிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த பெண். அன்று முதல் என்னைக் 'காஷே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நம் அண்ணாவுக்கு அங்கே அதுதான் பெயர். இனி நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் தமிழில் தருகிறேன். அவள் தமிழ் பேசியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பாள், இன்னும் கொஞ்சம் காரமாக.

அவளுடைய ஆய்வே அந்த உதிர்ந்த ஒலிகளைப் பற்றித்தான். எந்தெந்த ஒலி எப்படி மங்கியது, எது எதோடு கரைந்தது என்று நானூறு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். சிக்கல் கடைசி அத்தியாயத்தில். அவளுடைய நெறியாளர்தான் எங்கள் கூடத்துக்கும் தலைவர். ஐரோப்பாவில் பிறந்த பெரியவர், பழைய கல்வெட்டுகளில் ஊறியவர், கனிவானவர். என் முதல் குளிர்காலத்தில் தன்னுடைய கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் வயிறு அவ்வளவு பாடு பட்டிருக்காது. அவருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. அம்ஹாரிக் பேசும்போது யாருடைய தொண்டையில் அந்தப் பழைய ஒலி இன்னும் கேட்கிறதோ, அவன் பழைய குடியின் நேர் வாரிசு. கேட்காதவன், இன்னொரு ரத்தம், மொழியை இரவல் வாங்கியவன். கடைசி அத்தியாயம் இதைச் சொல்ல வேண்டும், சொன்னால் கையெழுத்து. இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும், அவள் ஊர் திரும்ப வேண்டும்.

"எழுதிட்டுப் போயேம்மா, ஒரு அத்தியாயம்தானே" என்றேன். பயந்தவன் புத்தி.

அவள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். "காஷே, எங்கம்மா ஒரு இனம். அப்பா இன்னொண்ணு. என்னை வளர்த்த சித்தி மூணாவது. எங்க ஊர்ல இப்ப ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வியே நீ யாருங்கிறதுதான். பதில் பிடிக்கலைன்னா அடுத்து என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியல. ஜனங்க கலந்தாங்க, மொழிங்க கலந்துச்சு, அதனாலதான் ஒலி மாறிச்சு. அத நானே எழுதியிருக்கேன். அத வெச்சு இன்னிக்கு எதிர்ல உக்காந்திருக்கிறவனோட ரத்தத்த எடைபோடறதுக்கு நான் கனடாவிலிருந்து ஒரு தராசு செஞ்சு அனுப்பணுமா? மாட்டேன்."

அந்த 'மாட்டேன்' எனக்குப் பிடித்திருந்தது. தூரத்தில் நின்று ரசிக்கத்தக்க சொல் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட்டில் ஒரு மருத்துவர் வீட்டில் தமிழர் கூட்டம். பாலத்தைத் தாண்டி அப்போதுதான் புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்த இடம். தமிழ்நாட்டு மருத்துவர்கள், பொறியாளர்கள், ஒன்றிரண்டு பேராசிரியர்கள், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் கணக்காளர். மாதம் ஒரு முறை கூடுவோம். புதிதாக வந்தவரை நடுவில் உட்காரவைத்து நடத்துகிற ஒரு சடங்கு உண்டு. எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, அந்தத் தெருவில் எந்தக் கோடி என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். நேராகச் சாதியைக் கேட்பது நாகரிகமில்லை, பாருங்கள். படித்தவர்கள். பதில் சொல்லாதவனைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

என் பேச்சு அவர்களுக்குப் பெரிய தலைவலி. அப்பாவின் பள்ளிக்கூடத் தமிழ், வேறு மாவட்டத்திலிருந்து வந்த அம்மாவின் தமிழ், இரண்டுக்கும் நடுவில் ஆப்பிரிக்காவில் வளர்ந்த ஒருவன். அன்று மருத்துவர் சவால் விட்டார். "சார், ரெண்டு நிமிஷம் பேசுங்கோ. நான் சொல்லிடறேன்."

பேசினேன். பனி, பஸ், முட்டைக்கோஸ் விலை.

"பாலக்காட்டுப் பக்கம். அந்த நாசூக்கு மறைக்க முடியாது" என்றார் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு.

"ஐயே, கிடையாது" என்றார் ஒரு பொறியாளர். "இது சர்ச் தமிழ். பாளையங்கோட்டை. பாட்டனார் போதகரா இருந்திருப்பார். கரெக்ட்டா சார்?"

யாழ்ப்பாணத்துக் கணக்காளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கெண்டால் இவர் மட்டக்களப்பு ஆள் மாதிரிக் கிடக்கு. அண்ணை, உண்மையைச் சொல்லும். என்னட்டை ஒளிக்க வேண்டாம்."

நான் வாய் நிறைய வடையை அடைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் இதை அவளிடம் நடித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கழிப்பறை இரண்டாம் மாடி, இடப்பக்கம்.

"காஷே, அந்தக் கழுதைக் கதைய ஒரு தடவை படிங்க" என்றாள்.

கழுதைக் கதை அவள் பதிவுகளுக்காக எழுதியது. கண் வலிக்காரன் ஒருவன் வியாழக்கிழமைச் சந்தைக்குப் புதிய கழுதை வாங்கப் போகிறான். கண், வியாழன், புதிய, இப்படி அந்தப் பழைய தொண்டை ஒலிகள் இருந்த சொற்களாகப் பார்த்துக் கோத்திருந்தாள். படித்தேன். என் தொண்டை வழக்கம் போலத் தன் வடக்கத்தி வேலையைச் செய்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள். "பெரியவர் சொல்ற அளவுகோல்ல பாத்தா, இந்தக் கட்டடத்துலயே சுத்தமான வாரிசு நீங்கதான்."

ஆய்வேட்டைத் தேர்வுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு துறைக் கூட்டம் வரவிருந்தது. அந்தக் கூட்டத்தில் குரல்களைப் போட்டுக் கேட்கலாம், காது பொய் சொல்லாது என்று சவால் விட்டவரே பெரியவர்தான். எத்தியோப்பிய மாணவர்கள் இரண்டு பேர் வந்து ஒவ்வொரு குரலும் எந்த மக்களுடையது என்று சொல்ல வேண்டும். குரல்களைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. மூன்று பேருடைய குரல் ஏற்கெனவே இருந்தது. நான்காவதாக என்னுடையதை வைக்க வேண்டும் என்றாள்.

இது ஒன்றும் மோசடி இல்லை என்று விளக்கினாள். இந்த ஊரில் ஒரே ஆளைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படிக்கவைத்து, இரண்டு ஆள் என்று நினைத்துக் கேட்டவர்கள் ஒருவரை உயரமானவர் என்றும் மற்றவரைக் குட்டை என்றும் சொன்ன கதை எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் எதையும் மறைத்துச் சொல்லப்போவதில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்கப்போகிறோம். அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்" என்று நானும் சொல்லிக்கொண்டு பதிவு அறைக்குள் போய் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தேன். முதல் பதிவில் ஆட்டுக்குட்டி கத்துவது போல் வந்தது. இரண்டாவதில் கழுதை வாங்கப் போனவனுக்கு இருமல். மூன்றாவதில் என் வயிறு என்னைவிடத் தெளிவாகப் பேசியது, படமாக வரைந்து பார்த்தபோது அது நல்ல கறுப்பாக விழுந்திருந்தது. கடைசியில் அவள் விளக்கை அணைத்துவிட்டு, "தெருவுல பந்து வந்துட்டிருக்கு, அத நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"கூட்டத்துல நீங்களா எழுந்தா உண்டு. நான் கைகாட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பினாள். "உங்க ஒப்பந்தம் அவர் கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"போன வாரம் அந்த டாக்டர் வீட்ல வடைய வாயில அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. எனக்கு அது பிடிச்சிருந்துது. ஆனா எத்தன தடவ வடைய அடைப்பீங்க? ஏங்க, ஒரு தடவயாவது வாயத் திறந்து சொல்லக் கூடாதா, கேக்காதேன்னு?"

அன்று இரவு இரண்டு தோசை அதிகம் தின்றேன். பயந்தவனுக்குப் பசி போய்விடும் என்பார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லை.

கூட்டத்தன்று வெளியே பனி கொட்டியது. அறைக்குள் நீராவிக் குழாய் கொதித்தது. பெரியவர், துறைத் தலைவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து பரிசோதகராக வந்த கியூபெக் அம்மையார் ஒருவர், இன்னும் சில ஆசிரியர்கள். ஒரு பக்கம் எத்தியோப்பிய மாணவர்கள் இரண்டு பேர்: பொறியியல் படிக்கிற நெட்டையன் ஒருவன், பொருளாதாரம் படிக்கிற தாடிக்காரன் ஒருவன். இருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூலையில் எந்திரத்தின் பக்கத்தில், தலையில் ஹெட்ஃபோனோடு, நான். எந்திரத்தை ஓட்டுகிறவனை யாரும் பார்ப்பதில்லை என்பது அந்த வேலையின் பெரிய சுகம்.

முதல் மூன்று குரல்களுக்கும் இருவரும் ஏதேதோ சொன்னார்கள். சில இடத்தில் ஒத்துப்போனார்கள், சில இடத்தில் இல்லை. நான்காவது ரீலை மாட்டினேன். கண் வலிக்காரன் சந்தைக்குப் புறப்பட்டான்.

தாடிக்காரன் நிமிர்ந்தான். "இது எங்க பக்கத்து ஆள். வடக்கு. பாதிரிக் குடும்பம், சந்தேகமே இல்ல."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? எந்தக் கலப்பும் இல்லாத ஒரு வரிசை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அப்பன் மகனுக்குக் கொடுத்த ஒலி இது."

எனக்கு என் அப்பன் நினைவுக்கு வந்தார். அவர் எனக்குக் கொடுத்தது பதினாறாம் வாய்ப்பாடு.

நெட்டையன் குறுக்கிட்டான். "சும்மா இரு. இழுத்துப் பேசற அழகப் பாரு. தலைநகர் ஆளு. எங்காளு. வடக்க வேலை பாத்துட்டு வந்திருப்பான்."

"நல்ல குரல் கிடைச்சா உங்காளா?"

"உங்களுக்கு எல்லாமே உங்களதுதான்."

ஆங்கிலத்தில் தொடங்கியது எப்போது அம்ஹாரிக்குக்கு மாறியது என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. நீங்கள் ஆண்டவர்கள், நீங்கள் காட்டிக்கொடுத்தவர்கள், உங்கள் பாட்டன், எங்கள் நிலம். தாடிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நீங்க பேசறதே இரவல் மொழி. இரவல் வாங்கினவன் வீட்டுக்காரனாக முடியாது." நெட்டையன் முகத்தில் ரத்தம் இல்லை. கல்வெட்டு மொழி மட்டுமே தெரிந்த பெரியவருக்கு இந்தத் தெருப் பேச்சில் ஒரு சொல் புரியவில்லை. தன் சோதனை உயிரோடு துள்ளுகிறது என்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில், அவள் ஒருத்தியைத் தவிர, என் குரலுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ளப்போகிறார்கள் என்று தெரிந்தவன் நான் மட்டும்தான். அவர் சொல்லச் சொன்ன கோட்பாட்டைத்தான் அந்தப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு கல்வெட்டைக்கூடப் பார்க்காமல்.

கியூபெக் அம்மையார் பென்சிலால் மேசையைத் தட்டினார். "இந்தப் பேச்சாளர் யார்?"

அவள் எழுந்தாள். "இந்த அறையில்தான் இருக்கிறார். விரும்பினால் அவரே சொல்வார்." என் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், பாவி.

எல்லாரும் இரண்டு மாணவர்களையும் பார்த்தார்கள். இரண்டு மாணவர்களும் கதவைப் பார்த்தார்கள். எனக்குக் கழிப்பறை தெரிந்தது. வெளியே போய், வலப்பக்கம், தண்ணீர்க் குழாயைத் தாண்டி. சுவரைத் துளைத்து அதன் கதவுக் கைப்பிடிகூடத் தெரிந்தது. எழுந்தேன். சத்தியமாக, அங்கே போகத்தான் எழுந்தேனோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் எழுந்தவன் தலையில் ஹெட்ஃபோன் இருப்பதை மறந்துவிட்டான். ஒயர் இழுத்தது. எந்திரம் மேசையில் ஓரடி நகர்ந்து, தலை பின்னால் வெட்டி, நான் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அறை நடுவில் நின்றேன். இப்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண் வலிக்காரன் வியாழக்கிழமைச் சந்தைக்குப் புதிய கழுதை வாங்கப் போன கதையை, தொண்டையில் எதையும் குறைக்காமல், முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.

நெட்டையன் சிரிக்க ஆரம்பித்தான். மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. தாடிக்காரன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திக்ரிஞாவில், தாழ்ந்த குரலில் கேட்டான்: "எந்த ஊர்ல வளர்ந்தீங்க?"

சொன்னேன்.

"ரொட்டிக் கடைக்குப் பின்னாடி மைதானமா?"

"அதேதான்."

தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் என்னை முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நீ இந்தியன் அல்லவா?"

"ஆமாம் ஐயா."

"தெற்கு."

"இன்னும் தெற்கே போனால் கடல்தான்."

அவர் கண்ணில் ஒரு ஒளி வந்தது. தோற்ற மனிதனின் ஒளி இல்லை, அறிஞனின் ஒளி. "கடல். ஆமாம். பழங்காலத்தில் உங்கள் கரையிலிருந்து செங்கடலுக்குக் கப்பல்கள் போயின. உன் முன்னோரில் யாராவது..."

"ஐயா," என்றேன். கால் நடுங்கியது, பேச்சு நிற்கவில்லை. "என் முன்னோர் ஆற்றைத் தாண்டவே பயந்தவர்கள். என்னைப் பார்த்தாலே தெரியும். இந்த ஒலி எனக்கு ரத்தத்தில் வரவில்லை. தையற்காரர் மகன்கள் இரண்டு பேர் சொல்லிக்கொடுத்தார்கள், பந்தைக் கொடு என்று கத்தும்போது. அவர்கள் வேறு மாதிரி கத்தியிருந்தால் நானும் வேறு மாதிரி கத்தியிருப்பேன்."

கியூபெக் அம்மையார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் பாரிஸில் வாயைத் திறந்தால், என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு, ஏதோ பழைய நூற்றாண்டிலிருந்து வந்தவள் என்று சொல்கிறார்கள். இங்கே டிபானரில், அதுதான் மூலைக்கடையில், பால் வாங்கப் போனால் என் உச்சரிப்பைக் கேட்டதும் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். எனக்கும் இந்தச் சோதனை பழக்கம்தான்."

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். பெரியவர்கள் அப்படி விட மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு நிபந்தனையோடு வந்தார். கடைசி அத்தியாயத்தை அவள் விரும்பியபடியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு பேச்சாளரும் எந்த மக்கள் என்று பெயருக்கு எதிரே இருக்க வேண்டும். அதை வைத்து வாசகர் தாமே முடிவு செய்யட்டும். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் நாட்டில் இதற்குத் துல்லியமான வகைப்பாடு உண்டல்லவா? உன் சமூகம் எது? ஒரு சொல் போதும்."

அறை கதகதப்பாக இருந்தது. அவர் கேட்டதில் குரூரம் எதுவும் இல்லை, டேப்பின் நீளம் கேட்பது போலத்தான் கேட்டார். புரோசார்ட்டில் எத்தனையோ பேர் தெருவும் கோடியுமாகச் சுற்றிச் சுற்றி வந்து கேட்காமல் கேட்டதை, இந்த மனிதர் நேராகக் கேட்டுவிட்டார். அதற்காகவாவது ஒரு நேரான பதில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். கேட்டது தப்பு ஐயா."

வயிறு அந்த நேரம் பார்த்து ஒரு நீண்ட சத்தம் போட்டது. அவர் அதையும் கேட்டிருப்பார். கேட்கட்டும்.

அவள் நிபந்தனையை நிறைவேற்றினாள், தன் வழியில். ஒவ்வொரு பேச்சாளருக்கும் எதிரே இனத்துக்குப் பதிலாக, பத்து வயதுவரை யாரோடு விளையாடினார் என்று எழுதினாள். ஒருவர், எட்டு அண்ணன் தம்பிகள். ஒருவர், ராணுவக் குடியிருப்புப் பிள்ளைகள். என் பெயர் இல்லாமல், நான்காவது குரல்: தையற்காரரின் மகன்கள், ரொட்டிக் கடைக்காரரின் மகள், ஒரு நொண்டிக் கழுதை. கழுதையை எடுத்துவிடச் சொன்னேன். "அதுவும் தெருவுலதானே இருந்துச்சு" என்றாள்.

இது அறிவியல் இல்லை என்று பெரியவர் எழுதிக் கொடுத்தார். இதுதான் அறிவியல் என்று கியூபெக் அம்மையார் எழுதிக் கொடுத்தார். துறைத் தலைவர் இருவரையும் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, மாற்றுவாயா என்று கேட்டார். அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். நெட்டையனும் தாடிக்காரனும்கூட வந்திருந்தார்கள், பெஞ்சின் இரண்டு கோடியில். நடுவில் நான்.

"மாட்டேன்" என்று அவள் சொன்னது வெளியே தெளிவாகக் கேட்டது.

நெறியாளரின் கையெழுத்து இல்லாமலே அவளுக்குப் பட்டம் கிடைத்தது. துறைத் தலைவரும் வெளிப் பரிசோதகரான கியூபெக் அம்மையாரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வசந்தத்தில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில், விமானத்துக்குள் போகிற ஒயர்களைச் சோதிக்கிற வேலைக்குப் போனேன். சில ஆண்டுகளில் அவளுடைய நாட்டில் அரசு கவிழ்ந்தது. நீ யார் என்ற கேள்விக்கு அங்கே துப்பாக்கிகள் பதில் சொன்னதையெல்லாம் பத்திரிகையில் படித்தோம். ஓர் ஆய்வேடு அதையெல்லாம் நிறுத்திவிடும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவள் செய்து கொடுக்காத தராசை வேறு யாராவது செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் அவளிடமிருந்து அது போகவில்லை.

அன்று அந்தக் கதவு திறந்து அவள் வெளியே வந்தபோது என் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

"காஷே, எதையும் மாத்தல. ஒரு எழுத்துகூட" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "இன்னுமா நடுங்குது?"

"அது அப்படித்தான் நடுங்கும்" என்றேன். "நீ அதப் பாக்காதே. நட."

நான்கு பேருமாகப் படியிறங்கினோம். நெட்டையன் முன்னால் போனான், தாடிக்காரன் பின்னால் வந்தான். வாசலில் நெட்டையன் திரும்பி நின்று, கதவைத் தன் தோளால் பிடித்துக்கொண்டான், தாடிக்காரன் வெளியே வரும்வரை.